மனுநீதிச் சோழனுக்கு எதிரில் யாரை நிறுத்துவது?

ஓடம்போக்கி (திருவாரூர்):

வணக்கம். இளங்கலை மாணவர்கள் முப்பது பேருக்கு ஒன்றரை மணி நேர அமர்வு ஒன்று நடத்த வேண்டும். தலைப்பு ‘கீழை, மேலைச் செவ்விலக்கியங்களில் குணமும் அறமும்’. தமிழ் படிப்பவர்கள் பாதி, வணிகவியலும் கணிதமும் படிப்பவர்கள் பாதி. தமிழ்ப் பக்கத்துக்கு மனுநீதிச் சோழன் கதையை எடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள், கல் தேரைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஊர் ஊராக நடக்கும் மனுநீதி நாள் முகாமும் அவர்களுக்குத் தெரியும். கதையை முதலிலிருந்து சொல்லும் வேலை மிச்சம்.

சிக்கல் மேலைப் பக்கத்தில்தான். கிடைக்கிற கட்டுரைகள் எல்லாம் இரண்டு பத்தி போட்ட அட்டவணையாக இருக்கின்றன. இந்தப் பக்கம் கடமை, குடும்பம், விதி. அந்தப் பக்கம் தனிமனிதன், உரிமை, பகுத்தறிவு. எந்த நூலின் எந்த இடத்தை வைத்து இதைச் சொல்கிறார்கள் என்று தேடினால் ஒன்றும் சிக்குவதில்லை.

மனுவுக்கு எதிரில் யாரை வைத்தால் ஒப்பீடு நிற்கும்? எவ்வளவு பகுதி படிக்கக் கொடுக்கலாம்? ‘ஒரு கன்றுக்காகப் பெற்ற பிள்ளையைக் கொல்வது நீதியா’ என்று கட்டாயம் கேட்பார்கள். அதை எப்படிக் கையாள்வது?

———

அரசலாறு (கும்பகோணம்):

புரூட்டஸை எடுங்கள் சார். சீசரைக் குத்தியவன் இல்லை. அவனுக்கு நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திய லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ். மாணவர்கள் கட்டாயம் குழப்பிக்கொள்வார்கள், முதல் நிமிடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். கி.மு. 509இல் ரோமில் மன்னராட்சியை ஒழித்து முதல் கான்சல்களில் (குடியரசின் தலைமைப் பதவி) ஒருவனாக வந்தவன். இனி ரோமில் அரசன் என்று ஒருவன் இருக்கக் கூடாது என்று மக்களைச் சத்தியம் செய்ய வைத்தவனும் அவன்தான். துரத்தப்பட்ட தார்க்குவின் மன்னனைத் திரும்பக் கொண்டுவரச் சதி நடக்கிறது. அதில் அவனுடைய மகன்கள் டைட்டஸும் டைபீரியஸும் இருக்கிறார்கள். ஓர் அடிமை ஒட்டுக்கேட்டுத் தகவல் சொல்கிறான், கடிதங்கள் பிடிபடுகின்றன. தண்டனையை நிறைவேற்றவேண்டிய பதவி தகப்பனுடையது. லிவி எழுதிய ரோம வரலாற்றின் 2ஆம் நூல், 3 முதல் 5 வரையிலான அத்தியாயங்கள். அச்சில் நாலைந்து பக்கம்தான்.

ஒப்பீடு நிற்பதற்குக் காரணம், இரண்டு காட்சியின் எலும்புக்கூடும் ஒன்று: ஆள்பவன், அவன் மகன், நாட்டின் சட்டம், நேரடித் தண்டனை. இந்த அளவு பொது இல்லாவிட்டால் எதையும் எதனோடும் ஒப்பிடலாம், எதுவும் தெரியவராது. ‘இராமனும் யுலிஸஸும்’ என்று முழுக் காப்பியத்தையே எதிரெதிரே வைத்தால் அமர்வு முடியும்போது பொன்மொழிகள்தான் மிஞ்சும். ஆள் எப்படிப்பட்டவன் என்பது அவன் ஒரு முடிவு எடுக்கிற இடத்தில் தெரியும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள்.

இரண்டு காட்சியிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பாதிக்கப்பட்டது யார்? முறையிட்டது யார்? தீர்ப்புச் சொன்னவனுக்கு அந்த நேரத்தில் என்னென்ன தெரியும்? தடுத்தது யார், என்ன காரணம் சொன்னார்? தண்டனையை யார் கை செய்தது? எல்லாம் முடிந்த பிறகு கவிஞன் என்ன செய்கிறான்? பதிலுக்குப் பாடலிலோ பத்தியிலோ ஓர் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத பதிலைக் கரும்பலகையில் எழுத வேண்டாம்.

இப்படிக் கேட்டால் முதல் கேள்வியிலேயே வேறுபாடு வெளியே வந்துவிடும். ரோமில் பாதிக்கப்பட்டது குடியரசு. மகன்கள் தெரிந்தே செய்த துரோகம். திருவாரூரில் பாதிக்கப்பட்டது ஒரு கறவை. கன்று யாரும் அறியாமல் தேர்க்காலில் வந்து விழுந்தது. வேண்டுமென்று செய்யாத பிழைக்கு மரண தண்டனை என்பது சேக்கிழாருக்கே உறுத்தியிருக்க வேண்டும். அமைச்சர்கள் வாயிலாக அந்த எதிர்வாதத்தை அவரே பாட்டுக்குள் வைக்கிறார்: மறைநூல் சொன்ன கழுவாயை (பரிகாரத்தை) செய்தால் போதும், மரபும் அதுதான் என்கிறார்கள். அரசன் ஏற்கவில்லை. அந்தக் கழுவாய் கன்றை இழந்த பசுவின் நோயைத் தீர்க்குமா என்று கேட்கிறான். வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் மட்டும் கழுவாயா, மனுநூலை ஒரு மனுவே துடைத்தான் என்று உலகம் பேசாதா என்று கேட்கிறான். இரண்டும் வேறு வேறு வாதங்கள். முதலாவது பசுவின் பக்கத்திலிருந்து, இரண்டாவது தன் பெயரின் பக்கத்திலிருந்து. பிரித்துக் காட்டுங்கள். பெரும்பாலான பேச்சாளர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

இதே பகுதியில் இன்னொரு பாட்டு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். உயிர்களுக்கு ஐந்து இடங்களிலிருந்து பயம் வரும், அரசன் அவற்றைத் தீர்க்க வேண்டும் என்கிறது. ‘தன்னால், தன் பரிசனத்தால்’ என்று ஆரம்பித்து, பகை, கள்வர், பிற உயிர்கள் என்று போகிறது. வரிசையைக் கவனியுங்கள். முதல் ஆபத்து அரசன்தான், அடுத்தது அவனைச் சுற்றியிருப்பவர்கள், எதிரியும் திருடனும் அதற்குப் பிறகு. ‘கீழை இலக்கியம் அதிகாரத்துக்குப் பணிவதைச் சொல்கிறது’ என்று யாராவது ஆரம்பித்தால் இந்த ஒரு பாட்டைப் படித்துக் காட்டினால் போதும்.

லிவியில் இதற்கு ஈடான இடம் 3ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சதி செய்த பணக்கார வீட்டுப் பையன்களின் மனக்குறையை எழுதுகிறார். அரசன் ஒரு மனிதன், போய்க் கேட்கலாம், கோபப்படுவான், மன்னிப்பான், சலுகை கொடுப்பான். சட்டத்துக்குக் காது கிடையாது, கெஞ்சினால் இளகாது என்று பேசிக்கொள்கிறார்கள். காது உள்ள ஆட்சி தங்களுக்கு வசதி என்பதால் அரசனைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். திருவாரூரில் ஆராய்ச்சி மணி என்பது அரசனுக்கு வைத்த காதுதான். ஆனால் அந்தக் காதைப் பயன்படுத்திக்கொண்டது அரண்மனைக்கு வேண்டப்பட்டவன் இல்லை, வாயில்லாத ஒரு மாடு. இளவரசனோ, அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அந்தணர் விதித்த கழுவாயை முடித்துவிடலாம் என்று போகிறான். அதுவும் பாட்டிலேயே இருக்கிறது. சலுகையை எதிர்பார்க்கும் பிள்ளைகள் இரண்டு ஊரிலும் உண்டு. ரோம் அதற்குக் காதில்லாத சட்டத்தைப் பதிலாக வைத்தது, சேக்கிழார் எல்லாருக்கும் எட்டுகிற காதைப் பதிலாக வைத்தார். என் கணக்கில் அமர்வின் உயிரே இந்த இடம்தான். குறைந்தது இருபது நிமிடம் கொடுங்கள்.

முடிவையும் விடக் கூடாது. லிவி தண்டனையைச் சுருக்கமாக எழுதுகிறார்: ஆடை களைந்து, பிரம்பால் அடித்து, கோடரியால் வெட்டுகிறார்கள். அவ்வளவு நேரமும் கூட்டம் பார்த்தது மகன்களை இல்லை, தகப்பனின் முகத்தை. கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே அந்த முகத்தில் பெற்ற பாசம் தெரிந்தது என்கிறார். சேக்கிழாரின் மனு ‘ஒரு மைந்தன் தன் குலத்துக்கு உள்ளான் என்பதும் உணரான்’. ஒரே பிள்ளை என்பதையும் எண்ணவில்லை, தேரை ஓட்டினான். முகத்தைப் பற்றி அங்கே ஒரு சொல் கிடையாது. உடனே வீதியில் விடைமேல் இறைவன் காட்சி தருகிறார். கன்றும் மகனும் அமைச்சரும் எழுகிறார்கள்.

———

குடமுருட்டி (திருவையாறு):

அரசலாறு சொன்ன ஜோடி நல்ல ஜோடி. ஆனால் அதை மட்டும் வைத்தால் ‘பார்த்தீர்களா, கிழக்கும் மேற்கும் ஒன்றுதான், இரண்டு பேரும் பிள்ளையைக் கொன்றார்கள்’ என்று முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவதாக ஒருவன் வேண்டும். கிரியோனைக் கொண்டுவாருங்கள்.

சோஃபக்ளீஸின் ஆன்டிகனி நாடகம், கி.மு. 441ஐ ஒட்டி மேடையேறியது. தீப்ஸ் நகரின் மேல் படையெடுத்து வந்து செத்த பாலினைசீஸை யாரும் புதைக்கக் கூடாது என்று கிரியோன் ஆணை போடுகிறான். தடையை மீறித் தங்கை ஆன்டிகனி மண் தூவுகிறாள். அவள் கிரியோனின் அக்கா மகள், அவன் மகனுக்கு நிச்சயம் செய்த பெண். சொந்தக்காரி என்று பார்த்தால் ஊர் என்னை மதிக்குமா என்று கிரியோன் பேசுவது, மனுவும் புரூட்டஸும் பேசக்கூடிய பேச்சேதான். மூன்று பேரும் தன் வீட்டார் மேலேயே சட்டத்தைச் செலுத்துகிறார்கள். ஒருவனுக்குத் தெய்வம் நேரில் வருகிறது. இன்னொருவனைப் பற்றி ரோமர்களாலேயே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஏனியட் என்னும் ரோமக் காப்பியத்தின் 6ஆம் நூலில் வெர்ஜில் அவனை ‘பாவப்பட்டவன்’ என்கிறார், பின்னால் வருகிறவர்கள் எப்படிப் பேசினாலும் சரி என்கிறார், நாட்டுப் பற்றோடு தீராத புகழாசையும் சேர்ந்து அவனை வென்றது என்று ஓர் ஊசியையும் செருகுகிறார் (வரிகள் 817–823). வாழ்க்கை வரலாறுகள் எழுதிய கிரேக்கர் புளூட்டார்க் இன்னும் ஒரு படி மேலே போய், இது தெய்வத்தின் செயலாக இருக்கலாம், விலங்கின் செயலாகவும் இருக்கலாம், மனிதச் செயல் இல்லை என்று எழுதினார். கிரியோனுக்கோ மகனும் மனைவியும் தற்கொலை செய்துகொள்ள, உயிரோடு மிஞ்சும் தண்டனை.

ஒரே மாதிரிச் செயலுக்கு மூன்று விதமான தீர்ப்பு ஏன்? மாணவர்களிடம் இதைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பதில் சட்டத்தின் வயதில் இருக்கிறது. மனு நிறைவேற்றுவது அவனுக்கு முன்பே இருந்த முறை. புரூட்டஸ் நிறைவேற்றுவது ஊரே சேர்ந்து செய்த சத்தியம். கிரியோனுடையது அன்று காலையில் அவன் ஒருவனே போட்ட ஆணை. சொந்தக்காரரைத் தண்டிப்பது மட்டும் நேர்மைக்குச் சான்று ஆகிவிடாது என்பதை கிரியோன் இல்லாமல் காட்ட முடியாது.

அடுத்தது, ஆன்டிகனி வந்தால் ‘நம்ம கண்ணகி மாதிரி’ என்று ஒரு குரல் எழும். எழட்டும். ஆனால் ‘இருவரும் அரசனை எதிர்த்த வீரப் பெண்கள்’ என்பதோடு நிறுத்த விடாதீர்கள். இந்த ஒப்பீட்டில் அதிகம் தவறு நடக்கிற இடம் அதுதான். ஆன்டிகனி உண்மையை மறுக்கவில்லை, நான்தான் செய்தேன், மறுக்க மாட்டேன் என்கிறாள். அவள் மறுப்பது சட்டத்தை: எழுதப்படாத, என்றைக்கும் உள்ள தெய்வ முறைகளை உன் ஆணை மீற முடியாது என்கிறாள் (450ஆம் வரியிலிருந்து). கண்ணகி சட்டத்தைத் தொடவே இல்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று பாண்டியன் சொல்லும்போது, ஆமாம் ஆகாது என்பதுதான் அவள் நிலை. அவள் மறுப்பது உண்மையை: என் புருஷன் கள்வன் இல்லை, நீ விசாரிக்கவில்லை. அதனால்தான் அவள் கொண்டுவருவது சான்றுப் பொருள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், அரசன் எம்முடையது முத்து என்று ஒத்துக்கொள்கிறான், உடைக்கிறாள், மணி தெறிக்கிறது. வழக்கு முடிந்தது. கிரியோனை மனம் மாற்ற ஒரு மகனும் ஒரு குறிசொல்லியும் வந்து பேசவேண்டியிருந்தது, அதற்குள் காலம் கடந்துவிட்டது. பாண்டியனுக்கு ஒரு பரல் போதுமாக இருந்தது. ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லி அங்கேயே விழுகிறான். உரிமைக்கு வாதாடுபவள் மேலைப் பெண், உணர்ச்சியில் எரிப்பவள் கீழைப் பெண் என்று அட்டவணை சொல்லும். மன்றத்தில் சான்று வைத்து வாதாடியவள் கண்ணகிதான். மதுரையை எரித்ததும் அவள்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எரிக்கும்போதும் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகளை விட்டுவிடு என்று தீக்கு வரம்பு கட்டுகிறாள்.

ஆன்டிகனியிடமும் அட்டவணைக்கு அடங்காத ஓர் இடம் இருக்கிறது. 905ஆம் வரியை ஒட்டி, கணவனோ பிள்ளையோ இறந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன், வேறு கணவன், வேறு பிள்ளை கிடைக்கலாம், தாய் தந்தை போன பிறகு வேறு அண்ணன் கிடைக்க மாட்டான் என்கிறாள். அது இடைச்செருகலாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஜெர்மானியக் கவிஞர் கேதே ஆசைப்பட்டார். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள், ‘மேலை அறம் குடும்பத்துக்கு அப்பாற்பட்டது’ என்ற வரி அங்கேயே நின்றுவிடும்.

விதி விஷயமும் அப்படியே. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்வதை எடுத்துக்கொண்டு விதியை நம் பக்கத்துச் சொத்தாக எழுதிவிடுகிறார்கள். ஆன்டிகனி நாடகத்தின் பாடகர் குழு, அவள் பிறந்த லாப்டகஸ் குலத்தின் மேல் தலைமுறை தலைமுறையாக இறங்கும் கேட்டைப் பற்றி ஒரு முழுப் பாட்டே பாடுகிறது.

———

வெண்ணாறு (நீடாமங்கலம்):

ஒரு சிறு எச்சரிக்கை. ‘மனுநீதிச் சோழன் கதை’ என்று ஒரே கதை இல்லை. கடைசியில் எல்லாரும் எழுவது பெரியபுராணத்தில், அதாவது 12ஆம் நூற்றாண்டில். அதற்குப் பல நூற்றாண்டு முந்திய சிலப்பதிகாரத்தில் கண்ணகியே பாண்டியன் முன்னால் இந்தக் கதையைச் சொல்கிறாள்: பசு மணி அடித்தது, அதன் கண்ணீர் நெஞ்சைச் சுட்டது, அரசன் தன் அரும்பெறல் புதல்வனைத் தேர்ச்சக்கரத்தில் மடித்தான். அவ்வளவுதான், யாரும் எழுந்து வருவதில்லை. ஊரும் திருவாரூர் இல்லை, ‘பெரும்பெயர்ப் புகார் என் பதியே’ என்கிறாள். பழமொழி நானூற்றில் சான்றோர் மறைத்துப் பார்த்தும் முடியாமல், கன்றின் மேல் தேர் ஊர்ந்தவன் மேல் தந்தையும் ஊர்ந்தான் என்று வருகிறது. ‘முறைமைக்கு மூப்பிளமை இல்’ என்பது அங்கே பழமொழி. மகாவம்சத்தில் இதே செயல் சோழ நாட்டிலிருந்து போய் இலங்கையில் 44 ஆண்டு ஆண்ட எல்லாளன் மேல் ஏறியிருக்கிறது. அவன் பௌத்தன் இல்லை, அந்த நூலின் நாயகன் அவனைப் போரில் கொல்கிறான், ஆனாலும் பௌத்தத் துறவி எழுதிய நூல் அவன் நீதியை விரித்துப் புகழ்கிறது. அங்கேயும் மகன் திரும்பி வருவதில்லை.

ஆகவே ‘கீழை இலக்கியத்தில் தெய்வம் வந்து காப்பாற்றிவிடும், மேலை இலக்கியத்தில் சோகம் சோகமாகவே நிற்கும்’ என்று யாராவது எழுதினால், எந்த நூலை வைத்து என்று கேளுங்கள். சேக்கிழாருக்கு அது தேவைப்பட்டது, அவர் பாடுவது சிவன் அடியார்க்கு இரங்கும் ஊர். கண்ணகிக்குத் தேவைப்படவில்லை, அவள் ஓர் அரசனைக் குற்றம் சாட்ட இன்னோர் அரசனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள்.

———

வீரசோழனாறு (தேரழுந்தூர்):

கம்பன் ஊரிலிருந்து ஒரு வேண்டுகோள். அடுத்த அமர்வு என்று ஒன்று இருந்தால் கும்பகருணனையும், ஹோமரின் இலியட்டில் வரும் டிராய் இளவரசன் ஹெக்டரையும் எடுங்கள். தப்பான காரணத்துக்காக நடக்கும் போர் என்று தெரிந்தே, தோற்போம் என்றும் தெரிந்தே போகிற இருவர். ஹெக்டர் தம்பி பாரிஸை மண் விழுங்காதா என்று ஏசுகிறான் (இலியட் 6). கும்பகருணன் அண்ணனின் அவையிலேயே ‘பேசுவது மானம், இடை பேணுவது காமம்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறான்.

ஏன் போனார்கள் என்பதில் கவனம் வேண்டும். ஹெக்டர் சொல்லும் காரணம் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சும் நாணம். 6ஆம் நூலில் மனைவியிடம் சொல்வதும், 22ஆம் நூலில் மதிலுக்கு வெளியே தனியாக நின்று தனக்குள் சொல்லிக்கொள்வதும் (வரி 99 முதல்) அதையேதான். கும்பகருணனுக்குச் சோறு போட்டு வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பிய அண்ணனின் கடன். அதே இடத்தில் வீடணனைப் பார்த்து, நீ வந்துவிடாதே, அங்கேயே இரு, எங்களுக்கு நீர்க்கடன் கழிக்க ஆள் வேண்டும் என்கிறான். அண்ணனை விட்டுப் போனதும் அறம், அண்ணனோடு சாவதும் அறம். கம்பன் இரண்டையும் ஒரே காட்சியில் கட்டித் தழுவ வைக்கிறான். ‘கீழை அறம் என்றால் குடும்பக் கடமை’ என்பவர்கள் வீடணனை எங்கே வைப்பார்கள்?

நுணுக்கமாக ஓர் இடம் வேண்டுமென்றால் சாகும்போது எதிரியிடம் வைக்கும் வேண்டுகோளை எடுங்கள். ஹெக்டர், என் உடலை என் வீட்டாரிடம் கொடு என்கிறான். அவனைக் கொல்லும் அக்கிலீஸ் நாய்க்குப் போடுவேன் என்கிறான், பிறகு 24ஆம் நூலில் ஹெக்டரின் தகப்பன் கிழவன் பிரியாம் வந்து கையைப் பிடித்தபோதுதான் மனம் இறங்குகிறது. கும்பகருணன் கேட்பது நேர்மாறு. வீடணனை உன் கையடையாக (அடைக்கலமாக) வைத்துக்கொள் என்கிறான். சுக்கிரீவன் கடித்து மூக்கில்லாத என் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, கழுத்தை அறுத்துத் தலையைக் கடலில் போடு என்கிறான். இராமன் அப்படியே செய்கிறான். ஒருவன் உடல் ஊராருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறான், மற்றவன் தன் முகம் யார் கண்ணிலும் படக் கூடாது என்கிறான். மானம் இருவருக்கும் உண்டு, அது உடம்பில் தங்கும் இடம் வேறு.

ஆனால் கம்பன் என்றால் கம்பனை மட்டும் வையுங்கள், வால்மீகியைக் கலக்காதீர்கள். சீதையைத் தொடாமல் நிலத்தோடு பெயர்த்துப் போனது கம்பனின் இராவணன். வால்மீகியின் இராவணன் கையால் பிடித்துத் தூக்குகிறான். இரண்டையும் கலந்துவிட்டு ‘இராவணனின் குணம்’ என்று பேசினால் இல்லாத ஓர் ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம். யார் பெரிய கவி என்ற பேச்சுக்கும் போக வேண்டாம். வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமர், வெர்ஜில், மில்டனோடு நிறுத்திப் பார்த்தார், அந்தக் காலத்துக்கு அது தேவையாக இருந்தது. மாணவர் அமர்வில் அது கட்சி கட்டும் வேலையாகிவிடும்.

———

ஓடம்போக்கி (திருவாரூர்):

எல்லாருக்கும் நன்றி. புரூட்டஸ், கிரியோன் இருவரையும் எடுத்துக்கொள்கிறேன். கும்பகருணன் அடுத்த முறை. இரண்டு சந்தேகம். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பனுவல் தாங்குமா? அந்தக் கன்றுக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

———

அரசலாறு (கும்பகோணம்):

தாங்கும், முழுசாகக் கொடுக்காவிட்டால். பெரியபுராணத்தில் திருநகரச் சிறப்பு முழுவதும் வேண்டாம். ஐந்து பயம் பாட்டு, பசு மணியை அசைக்கும் இடம், அமைச்சர் வாதமும் அரசன் மறுப்பும், தேர் ஊரும் பாட்டு என்று எட்டுப் பத்துப் பாட்டு, பதம் பிரித்து, கீழே உரையோடு. லிவிக்கு ஒரு பக்கம்: 3ஆம் அத்தியாயத்தில் சட்டத்துக்குக் காதில்லை என்னும் பகுதியும் 5ஆம் அத்தியாயத்தில் தண்டனையும். கிரியோனுக்கு அரைப் பக்கம், அவன் முதல் பேச்சும் ஆன்டிகனியின் பதிலும். கிரியோன் பகுதி தவிர மற்றதை மூன்று நாள் முன்னால் தாளில் கையில் கொடுத்துவிடுங்கள். கைபேசியில் அனுப்பினால் வணிகவியல் பிள்ளைகள் சுருக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு வருவார்கள், அப்போது வாதம் சுருக்கத்தைப் பற்றியதாகப் போய்விடும். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு பக்கம் மாறும், அதனால் மேலை நூல்களுக்கு நூல் எண், வரி எண் போடுங்கள்.

நேரம்: உரக்கப் படிக்க இருபது நிமிடம். ஆறு பேர் கொண்ட ஐந்து குழுவாகப் பிரித்து, கேள்விகளுக்கு இடம் காட்ட இருபத்தைந்து. மணியும் காதும் பற்றிப் பேச இருபது. கிரியோனைப் பிறகுதான் கொடுக்க வேண்டும், அவனுக்குப் பதினைந்து. மிச்சம் கேள்விக்கு. முதலிலேயே கிரியோனையும் கொடுத்தால் மூன்று பேரையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுவார்கள், குடமுருட்டி சொன்ன அதிர்ச்சி கிடைக்காது.

கன்றுக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம் சார். அதைப் பாட்டுக்குள் ஏற்கனவே கேட்டவர்கள் அமைச்சர்கள் என்று காட்டுங்கள். கேட்கிற பிள்ளை தப்பாகக் கேட்கவில்லை, சேக்கிழார் அவனுக்கு முன்பே அந்த இடத்தில் நின்றிருக்கிறார். பிறகு ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: இந்தக் கதையில் எத்தனை பேர் சாகிறார்கள்? கன்று, மகன் என்று இரண்டு சொல்வார்கள். மூன்று. மகன் மேல் தேரை ஓட்டச் சொல்லி அரசன் முதலில் ஏவியது ஓர் அமைச்சரை. அவரால் அது முடியவில்லை, ஆணையை மீறவும் முடியவில்லை, தன் உயிரை விட்டுவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அரசன் தானே மகனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகிறான். குற்றமே செய்யாத ஒருவர் அரசனின் சொல்லால் செத்திருக்கிறார். ஐந்து பயத்தில் முதலாவதாகச் சொன்ன ‘தன்னால்’ என்பது இங்கே பலித்துவிட்டதா இல்லையா என்று விவாதிக்க விடுங்கள். ரோமில் கோடரி பிடித்தவர்கள் அதற்கென்று இருந்த ஏவலர்கள், புரூட்டஸ் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். தண்டனையைத் தன் கையால் செய்ய வேண்டும் என்ற இடத்துக்கு மனு வந்து சேர ஓர் உயிர் போயிற்று. கடைசியில் எழுந்தவர்களில் அமைச்சரும் ஒருவர் என்பதைச் சேக்கிழார் மறக்காமல் சொல்கிறார், அவர் கணக்கில் அந்தச் சாவும் இருந்தது.

நேரம் போதாவிட்டால் வெர்ஜிலையும் புளூட்டார்க்கையும் வாயால் இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள். அமைச்சரை மட்டும் விடாதீர்கள்.